டீச்சரிடம் கேளுங்கள்: படத்துக்கு முன்னால் இரண்டு பேர்

சென்ற இதழில், நானும் எங்கள் வீட்டுக்காரரும் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நவீன ஓவியம் பார்க்கப் போய்வந்ததை ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. 32 வருஷம் அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்! எல்லாவற்றுக்கும் இடமில்லை, முடிந்தவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர், எங்களுக்குக் கல்யாணமாகி 22 வருஷம். எங்க வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, மாடர்ன் ஆர்ட் பார்க்கணும் என்றேன். கோத்தகிரியில் காலை பஸ் பிடித்து ஊட்டி போனோம். அவர் கால்மணி நேரத்தில் எல்லா அறையும் சுற்றிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரே ஒரு படத்துக்கு முன்னால் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். பெரிய படம், முழுக்கப் பழுப்பு, உருவம் எதுவும் இல்லை. தேடி வந்தவர் 'என்ன தெரியுது அதுல?' என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவே இல்லை. புரியாத படம் எனக்கு ஏன் பிடித்தது? அடுத்த தடவை அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் சகோதரி. அவர் டீ மேக்கர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. என் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர், அதனால் சின்ன வயதில் ஃபேக்டரிக்குள் நிறையச் சுற்றியிருக்கிறேன். வாட்டிய இலை மிஷினில் நறுங்கி வெளியே வரும்போது பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பரப்பிவிட்டு டீ மேக்கர் காத்திருப்பார். பச்சை மெல்ல மஞ்சளுக்குத் திரும்பி, மஞ்சள் சிவந்து, புளி போட்டுத் தேய்த்த செம்புப் பாத்திரத்தின் நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய் வேறொரு மணம் ஏறும். அந்த நேரம் பார்த்து டிரையருக்கு அனுப்பியாக வேண்டும். முன்னாடியே அனுப்பினால் டீயில் பச்சை வாடை அடிக்கும், தாமதித்தால் சப்பென்று போய்விடும். கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது, மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு. கையில் ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், அப்புறம்தான் 'ம், போடு' என்பார். நீங்களும் நானும் பழுப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் அவருக்குப் பதினைந்து இருபது வகை தெரியும். அப்படிப்பட்ட கண்ணை முழுக்கப் பழுப்பான ஒரு படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் யாரும் கேட்கவில்லை. 'இந்த நிறத்தை எப்படிக் கொண்டு வந்திருப்பாங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் பெஞ்சுக்குப் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை ரயில் எஞ்சினின் பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற வேலை. கல்யாணமான புதிதில் நான் கண்காட்சி, ஓவியம் என்று ஆரம்பித்தாலே, 'நீ போய்ட்டு வா, நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்' என்பார். நானும் பல வருஷம் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். 2011-ல் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது ஒரு நாள் மிச்சம் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. அரசாங்க உதவிக்குக் காத்திருக்காமல், பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) மாதிரி கைவேலைகள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கேயே படமும் சிற்பமும் செய்தார்கள். இன்றைக்கு அங்கே நல்ல ஒரு கலைக்கூடமும் இருக்கிறது.

உள்ளே பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்கள் இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் ஓவியங்களை எல்லாம் நடந்துகொண்டே பார்த்தவர், அங்கே நின்றுவிட்டார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். 'இது வார்த்து எடுத்தது இல்ல, தகடு. தட்டித் தட்டி எடுத்திருக்காரு. இந்தா பாரு, இந்தக் கோடு எல்லாம் கம்பி, மேல வச்சுப் பத்த வச்சிருக்காரு, எங்கேயும் சூடு அதிகமாகித் தகடு நெளியல பாரு' என்று ஆரம்பித்தவர் இருபது நிமிஷம் பேசினார். கடைசியில், 'சாமிக்குச் சாத்துற கவசம் மாதிரியே இருக்கு, முன்பக்கத்துக்குன்னே செஞ்சிருக்காரு' என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயில் கவசத்தின் தகட்டு வேலையிலிருந்துதான் ஜானகிராம் தன் வழியைக் கண்டுபிடித்தார் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். இவர் எந்தப் புத்தகமும் படிக்காமல், பற்ற வைத்த இடத்தைப் பார்த்தே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்துதான் போகிறோம்.

அதனால் அடுத்த தடவை போகும்போது, உங்களுக்குப் பிடித்த அந்த ஒரு படத்துக்கு மட்டும் நேராக அவரைக் கூட்டிப் போங்கள். அர்த்தம் பேச வேண்டாம். ஒரு கை தூரத்தில் இருவரும் நின்று, ஓரங்களைப் பாருங்கள். படத்தின் நடுவில் மறைந்துபோகிற அடி நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பழுப்புக்குக் கீழே சிவப்புப் போட்டிருக்கிறாரா, பச்சை போட்டிருக்கிறாரா என்று அங்கேதான் தெரியும். அப்புறம் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் சாயம் மேடும் பள்ளமுமாக இருப்பது தெரியும். தூரிகையா, கத்தியா, துணியால் துடைத்து எடுத்ததா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக ஏழெட்டு அடி பின்னால் வந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கிற சீட்டில் ஓவியர் பெயர், வருஷம், எண்ணெய்ச் சாயமா அக்ரிலிக்கா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதியிருந்தீர்கள் என்றால் நானும் அவரைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. புரியாதது எப்படிப் பிடிக்கும் என்கிறீர்கள். வாசலில் சிக்குக் கோலம் போடுகிறீர்கள் இல்லையா, அதைப் பார்த்து யாராவது 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டிருக்கிறார்களா? பக்கத்து வீட்டு அம்மா வந்தால் என்ன கேட்பார்? 'எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா? ஒரே இழையா வருதா?' என்றுதான் கேட்பார். போட்ட விதம் தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். தேர்க் கோலமும் மயில் கோலமும் எல்லோருக்கும் புரியும், ஆனால் உருவமே இல்லாத சிக்குக் கோலத்தில்தான் நம் பெண்கள் ராத்திரியெல்லாம் நோட்டில் போட்டுப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கண்ணோடுதான் நீங்கள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறீர்கள். அது பிடித்ததற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கணவருக்கும்கூட. அவர் உங்களைத் தேடி உள்ளே வந்து, கேலி செய்யாமல் கேட்டாரே, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்கா, கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி, மலை ரயில், தாவரவியல் பூங்கா, படகு, தொட்டபெட்டா, அப்புறம் மனைவி ஆசைப்படுகிற ஆர்ட் கேலரி எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்ப முடியுமா?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

முடியாது தம்பி. மலை ரயிலில் 46 கிலோமீட்டர் ஏறுவதற்கே ஐந்து மணி நேரம் போய்விடும், ஊட்டியில் இறங்கும்போது மத்தியானம். ரயில் வேண்டும் என்றால் இறங்கும்போது வாருங்கள், டிக்கெட் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். காலையில் பஸ்ஸில் ஏறுவதுதான் நல்லது. சொந்த வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க விடுவார்கள், அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய வரிசையில் மனைவி ஆசைப்படுகிற இடம் கடைசியில் இருக்கிறது. அதை முதலில் வையுங்கள். பூங்கா 1848-லிருந்து அங்கேதான் இருக்கிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஊட்டி மைசூர் ரோட்டில் இருக்கிற, மத்திய அரசின் ஓவிய அமைப்பான லலித் கலா அகாடமியின் கலைக்கூடம், நாட்டின் பல பக்கத்து ஓவியர்கள், சிற்பிகளின் இந்தக் காலத்து வேலைகளுக்கான இடம். அதே ரோட்டில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள். மலை ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பது புது மனைவியோடு செய்கிற காரியம் இல்லை.

காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வெளிச்சம். ஒரு ஜூலை மாதம் நாங்கள் ஓர் ஓவியக் கண்காட்சியில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. வெளியே மூடுபனி, ஜன்னல் வழியாகச் சாம்பல் வெளிச்சம் மட்டும். நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் டியூப்லைட்டில் வெறும் கறுப்பாகத் தெரிந்த ஒரு மூலை, அந்த வெளிச்சத்தில் கருநீலமாக மாறியது, அதற்குள் ஒரு படிக்கட்டு வரைந்திருந்தது. கரண்ட் வந்ததும் படிக்கட்டு மறைந்துவிட்டது. அதனால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். உள்ளே தரை சில்லென்று இருக்கும், ஸ்வெட்டரோடு கனமான சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள், கால் மரத்துப்போனால் எந்தப் படமும் ஏறாது.

மழை கொட்டுகிற ஞாயிறாக இருந்தால் மலையே ஏற வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து கோவை பக்கம்தான், அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடம் இருக்கிறது, துணி அருங்காட்சியகமும் அதோடு சேர்ந்தது. அதையும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

நிறையப் படங்களுக்குக் கீழே 'அன்டைட்டில்ட்' என்று போட்டிருக்கிறார்கள். பெயர்கூட வைக்காவிட்டால் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது?
– ஒரு வாசகி, அருவங்காடு

பெயர் வைத்தால் நீங்கள் பெயரைப் பார்ப்பீர்கள், படத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்ற பயம்தான். 'அம்மா' என்று எழுதிவிட்டால் நாம் உடனே அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடுவோம், கிடைத்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். வகுப்பில் பிள்ளைகளிடம் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பணிக்கர் என்று மேலே சொன்னேன் இல்லையா, அவர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு படவரிசை ஆரம்பித்தார். கட்டம், கட்டத்துக்குள் எழுத்து மாதிரி கிறுக்கல், பாம்பு, மீன், வட்டம். எழுத்து போலவே இருக்கும், படிக்க வராது. அதில் ஒரு படத்தின் அச்சுப் பிரதியை நான் வீட்டில் மேஜை மேல் வைத்திருந்தேன். என் மாமியார் கையில் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, 'யாரோட ஜாதகம்மா இது?' என்று கேட்டார். அவர் ஒரு கண்காட்சிக்கும் போனவர் இல்லை. ஆனால் ஜாதகக் கட்டமும் ஓலைச்சுவடியும்தான் அந்தப் படங்களின் தாய்வீடு. ஒரு பொண்ணு பார்க்கிற வீட்டில் ஜாதகத்தை எவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்ப்போம், ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும்! அப்படிப் பாருங்கள்.

கோத்தகிரிப் பக்கம் குறும்பர் ஓவியம் விற்கிறார்கள். என் கணவர் அது கைவினைப் பொருள், மாடர்ன் ஆர்ட் கிடையாது என்கிறார். எனக்கு அது நவீன ஓவியத்தைவிட நன்றாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, குன்னூர்

உங்கள் பக்கம்தான் நான். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் எழுத்துப்பாறை என்று ஒன்று இருக்கிறது, பழைய பாறை ஓவியங்கள் உள்ள இடம். நம் மலையின் பழங்குடிகளான ஆலுக்குறும்பர்கள் அதைத் தங்கள் முன்னோர் வரைந்தது என்கிறார்கள். இன்றைக்குத் தாளிலும் துணியிலும் அவர்கள் வரைவது அந்தப் பாறையின் தொடர்ச்சி. வேங்கை மரத்தின் பாலை எடுத்து நிறம் செய்கிறார்கள், செம்பழுப்பு. கரி, மண், இலைச்சாறு என்று மற்ற நிறங்களும் காட்டிலிருந்துதான். ஒரு படத்தை நான் அருகில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: செங்குத்துப் பாறையில் கொடியால் கட்டிய ஏணி தொங்குகிறது, அதில் ஒருவர் தேன் எடுக்க இறங்குகிறார், மேலே இன்னொருவர் கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உடம்பு இரண்டே கோடு. கொடியைப் பிடித்த கைக்கு மட்டும் வேங்கைப் பால் இன்னொரு பூச்சு ஏறியிருந்தது, தாள் வெளிச்சத்தில் அந்த இடம் பிசின் போல மின்னியது. உயிர் அந்தக் கையில்தானே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

1907-ல் பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்துத்தான் மனித முகத்தையே வேறு மாதிரி வரையத் தொடங்கினார். நம் சோழமண்டலத்து ஜே. சுல்தான் அலி பழங்குடி மக்களின் கலையிலிருந்தும் நம்பிக்கைகளிலிருந்தும்தான் தன் எருதுகளையும் தேவதைகளையும் எடுத்தார். எடுத்துக்கொண்டவர்கள் நவீன ஓவியர்கள், கொடுத்தவர்கள் கைவினைக்காரர்களா? அதனால் வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். 'யார் வரைந்தது?' என்று பெயரைக் கேளுங்கள், பின்பக்கம் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வாங்குங்கள். 'பழங்குடி ஓவியம்' என்று மட்டும் எழுதி விற்றால் அந்த ஆளை நாம் தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம். தோடர் பூ வேலைச் சால்வைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல விஷயம், ஆனால் துணியின் இழையை ஒவ்வொன்றாக எண்ணி, மேலே எதுவும் வரைந்துகொள்ளாமல் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்த அந்தப் பாட்டியின் பெயரும் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், கரிக்கியூர்ப் பக்கம் பொறிவரையில் தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தளங்களில் ஒன்று இருக்கிறது. போன ஆட்கள் மேலேயே பெயரைக் கிறுக்கி நிறையப் பாழாக்கிவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். இதை இருவரும் சேர்ந்தே உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் படம், ஒரு கல்லூரி மாணவியிடம் 3,500 ரூபாய்க்கு வாங்கிய வாட்டர் கலர். ஒரு மழைக்காலம் முடிந்ததும் தாளில் பழுப்புப் புள்ளிகள். ஈரத் துணியால் துடைக்கலாமா?
– ஒரு தம்பதி, லவ்டேல்

துடைக்கவே கூடாது! ஈரம்தான் எதிரி. அந்தப் புள்ளி பூஞ்சை. தாளில் ஊறியிருக்கிற பசைதான் அதற்குச் சாப்பாடு, நம் மலையின் ஈரக்காற்று அதற்கு டானிக் மாதிரி. படத்தை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, வெளிச்சுவரில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழையில் அந்தச் சுவர் குளிர்ந்து வியர்க்கும், படத்தின் முதுகு அந்த ஈரத்தைக் குடிக்கும்.

காற்று உலர்ந்த ஒரு நாள் பார்த்து ஃபிரேமிலிருந்து எடுங்கள். வெயிலில் காட்ட வேண்டாம், வாட்டர் கலர் வெளுத்துவிடும். வராந்தா நிழலில், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய உலர்ந்த தூரிகையால் மேலே ஒட்டியிருக்கிற பொடியை மட்டும் தட்டிவிடுங்கள். தாளுக்குள் இறங்கிய கறை போகாது, அதைத் தேய்க்காதீர்கள். திரும்ப ஃபிரேம் போடும்போது தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். ஃபிரேமின் பின்பக்கம் நாலு மூலையிலும் பாட்டில் கார்க்கை வட்டமாக அறுத்து ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். உள்சுவராகப் பார்த்து மாட்டுங்கள், விறகு அடுப்புக்கும் கணப்புக்கும் மேலே வேண்டாம். புள்ளி இன்னும் பரவினால் தாள் ஓவியம் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அந்த மாணவியின் பெயரைப் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஒரு ஓவியம் 100 கோடிக்கு மேல் விலைபோனதாக டிவியில் பார்த்தோம். அந்தக் காசுக்கு எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம் என்று எங்கள் வீட்டில் இரண்டு நாளாக வாக்குவாதம்.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

நீங்கள் சொல்வது எம்.எஃப். ஹுசைன் 1954-ல் வரைந்த 'கிராம யாத்திரை' படமாக இருக்கும். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம்போனது, ஏறத்தாழ 118 கோடி ரூபாய், இந்திய நவீன ஓவியத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. ஆஸ்பத்திரி என்றீர்கள், அந்தப் படமே ஒரு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது! 1954-ல் டெல்லியில் வேலையாக இருந்த ஒரு டாக்டர் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார், பிறகு ஓஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். பல பத்தாண்டுகள் அங்கே சுவரில் இருந்தது. விற்ற காசு டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறது என்று அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 14 அடி அகலம், 13 சின்னச் சின்னக் கட்டங்களில் கிராமத்து வாழ்க்கை, மாட்டு வண்டி, மாவு அரைக்கும் பெண், பிள்ளையைத் தூக்கிய தாய்.

விலை அந்தப் படத்துக்குள் இல்லை, வாங்க இரண்டு பேர் போட்டி போடுவதில் இருக்கிறது. அது ஏல அறையின் விவகாரம். 3,500 ரூபாய்ப் படத்தில் பூஞ்சை வந்துவிட்டது என்று மனசு உடைந்து எழுதியிருக்கிறார்களே லவ்டேல்காரர்கள், அவர்கள் வீட்டில் அந்தப் படம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே போட்டோ எடுக்க விடவில்லை. பார்த்ததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?
– ஒரு புதுமணத் தம்பதி, கூடலூர்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். பேனா வேண்டாம், மை சிந்தும் என்று பல இடங்களில் விடமாட்டார்கள். இருவரும் ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல், ஐந்து நிமிஷத்தில் தோன்றியதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைய வராதவர்கள் வார்த்தையில் எழுதலாம், 'இடது கீழ்மூலையில் மஞ்சள், பூசணிப் பூ மாதிரி' என்று. வெளியே வந்து ஒரு டீக்கடையில் வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டு நோட்டை மாற்றிப் பாருங்கள். ஒரே படத்தைப் பார்த்தோமா என்று சந்தேகமே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்படிப் பதினோரு நோட்டு சேர்ந்திருக்கிறது. முதல் நோட்டில், சோழமண்டலம் போன நாளில் எங்கள் வீட்டுக்காரர் போட்ட பக்கத்தில் சிற்பமே இல்லை. தகட்டில் கம்பி பற்ற வைத்த ஏழு இடங்களை மட்டும் பெரிதாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கண்ணால் அளந்த அளவை நூல் கணக்கில் (எட்டு நூல் ஒரு அங்குலம்) எழுதி வைத்திருக்கிறார்.